பெயர் எப்படி நிற்கிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு பெயரைப்பற்றி. ஒரு பெயரைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நம் நாட்டில் பெயர் நிலைக்கவேண்டும் என்பதற்காக மனிதன் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. கோவில் படிக்கட்டிலே பெயரை வெட்டிவைத்து ஊரார் மிதித்துப்போக விடுகிறான். விளக்கு உபயம் செய்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிவைக்கிறான். பிள்ளை பிறக்காவிட்டால், பெயர் சொல்ல ஆளில்லையே என்று இரண்டாம் கலியாணம் செய்துகொள்ளுகிறான். பிறந்த பிள்ளை பெண்ணாய்ப் போய்விட்டால், குடும்பத்தின் பெயர் விளங்க வழியில்லையே என்று மறுபடியும் அழுகிறான். பெண்ணால் பெயர் விளங்காது என்பது வைதீகர்களின் முடிந்த முடிவு.

இந்த முடிவின் யோக்கியதையைப் பார்ப்பதற்காகவே ஜெர்மனி தேசத்தில் பிறந்த ஒரு பெண்மணியின் பெயரை இன்று எடுத்துக்கொண்டோம். அவர் பெயர் எம்மி நோத்தர். கணித சாஸ்திர நிபுணர். 1882-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். 1935-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி அமெரிக்காவில் இறந்தார். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. சொத்தும் இல்லை. எந்தக் கல்லிலும் அவர் தம் பெயரை வெட்டிக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும், இன்றைக்கு உயர்ந்த கணிதமும் பௌதிகமும் கற்பிக்கிற எந்தச் சர்வகலாசாலையிலும் அவர் பெயரைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க முடியாது.

நாம் கணிதத்தைக் கலாசாலையில் உட்கார்ந்து படித்தவர்களல்ல. புத்தகங்களைத் தேடிப்பிடித்தும், தெரிந்தவர்களை விடாமல் கேட்டும் விளங்கிக்கொண்டதையே உங்கள் முன் வைக்கிறோம்.

சர்க்கார் உத்தரவால் வந்த பெயர்

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எம்மி யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்து ஜெர்மன் யூதர்களில் அநேகருக்கு, நம்மவர்களைப் போலவே, தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருந்ததே தவிர, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் இல்லை. 1809-ல் பாடன் என்ற ஜெர்மன் ராஜ்யத்தார், யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சாமுவேல் என்று வழங்கிவந்த அவருடைய முன்னோர் குடும்பம் அப்போதுதான் நோத்தர் குடும்பம் ஆயிற்று. ஆகவே இது எந்த ரிஷியின் கோத்திரத்திலிருந்தும் இறங்கிவந்த பெயரல்ல. சர்க்கார் தஸ்தாவேஜுக்காக ஏற்பட்ட பெயர்.

எம்மியின் தகப்பனார் மாக்ஸ் நோத்தரும் பெரிய கணித நிபுணர். எர்லாங்கன் சர்வகலாசாலையில் பேராசிரியர். அவர் பெயராலும் தேற்றங்கள் வழங்குகின்றன. ‘பிரில்-நோத்தர் கொள்கை’ என்பதில் உள்ள நோத்தர் தகப்பனாரே. ஆகவே நோத்தர் என்று கண்ட இடமெல்லாம் மகளைக் குறிக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஆனால் பிற்காலத்தில் நடந்த வேடிக்கையைப் பாருங்கள். முதலில் எம்மியை மாக்ஸ் நோத்தரின் மகள் என்று அறிமுகப்படுத்தினார்கள். பிறகு எட்மண்ட் லண்டாவ் என்ற கணித நிபுணர், மாக்ஸ் என்பவர் எம்மியின் தகப்பனார் என்றும், அந்தக் குடும்பத்தை அளப்பதற்கு மையப்புள்ளி எம்மியே என்றும் சொன்னதாகச் சொல்லுகிறார்கள். பெண்ணால் பெயர் விளங்காது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

வாசலை அடைத்தவர்கள்

இந்தப் பெயர் சுலபத்தில் நிலைத்துவிடவில்லை. பெண்களைப் படிக்க விடாதது நம் நாட்டு மனுதர்மம் மாத்திரந்தான் என்று யாரும் எண்ணவேண்டாம். அதற்கு அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். 1898-ல் எர்லாங்கன் சர்வகலாசாலை சபையார், ஆண்களோடு பெண்களையும் சேர்த்துப் படிக்கவைத்தால் கலாசாலை ஒழுங்கெல்லாம் தலைகீழாகிவிடும் என்று தீர்மானம் செய்தார்கள். எம்மி பிரெஞ்சும் இங்கிலீஷும் கற்பிக்கும் உபாத்தியாயினி பரீட்சையில் 1900-ல் தேறியிருந்தார். அதோடு நின்றுவிடாமல் கணிதம் கற்க விரும்பினார். சர்வகலாசாலையில் இருந்த மாணவர்கள் 986 பேர். அதில் பெண்கள் இரண்டே பேர். அவர்களும் மாணவிகளாக அல்ல. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களாக.

1904-ல் கதவு திறந்தது. எம்மி மாணவியாகச் சேர்ந்தார். 1907-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியாயிற்று, உத்தியோகம்? அதுதான் இல்லை. 1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் சம்பளமில்லாமலே வேலை செய்தார். தகப்பனாருக்கு உடம்பு சுகமில்லாத நாட்களில் அவருக்குப் பதிலாகப் பாடமும் நடத்தினார்.

1915-ல் கோட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலைக்கு அவரை அழைத்தவர்கள் ஹில்பெர்ட், கிளைன் என்ற இரண்டு பேராசிரியர்கள். உலகத்திலேயே கணிதத்துக்குத் தலைநகரம் என்று அக்காலத்தில் எண்ணப்பட்டது அந்த ஊர். அவரை ஆசிரியராக ஏற்கவேண்டும் என்று இவர்கள் கேட்டபோது மற்றப் பிரிவுப் பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். யுத்தத்திலிருந்து திரும்பிவரும் நமது சிப்பாய்கள் ஒரு பெண்பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து படிக்கவேண்டியதாகிவிடுமே என்பது அவர்கள் சொன்ன காரணமாம். அதற்கு ஹில்பெர்ட், இது சர்வகலாசாலையே ஒழியக் குளிக்கும் துறையல்லவே என்று கேட்டதாகச் சொல்லுகிறார்கள். கேட்டும் பயனில்லை. எம்மியின் பாடங்கள் ஹில்பெர்ட் பெயரில் விளம்பரம் செய்யப்பட்டன. எம்மி நோத்தர் அவருக்கு ‘உதவியாளர்’ என்று கீழே போட்டார்கள். பாடம் எம்மியுடையது, பெயர் ஆண்பிள்ளையுடையது. தோழர்களே! இன்று எந்தப் பெயரைச் சொல்லாமல் பாடம் நடக்காது என்கிறோமோ, அந்தப் பெயரை அன்று விளம்பரப் பலகையில் தனியே போட இடமில்லை என்றார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1918-ல் அவர் தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். கோட்டிங்கன் அறிவியல் சங்கத்தில் அதை அவரே சமர்ப்பிக்க முடியவில்லை. அவர் சங்கத்தில் அங்கத்தினரல்ல. கிளைன்தான் சமர்ப்பித்தார். கடைசிவரையில் அந்தச் சங்கத்தில் அவருக்கு அங்கத்தினர் ஸ்தானம் கிடைக்கவே இல்லை. 1919-ல்தான் சொந்தப் பெயரில் பாடம் சொல்லும் உரிமை வந்தது. 1922-ல் ஒரு பட்டம் கொடுத்தார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. அடுத்த வருஷம் பாடம் நடத்துவதற்கென்று ஒரு சிறு தொகை ஏற்பாடாயிற்று.

ராகுகாலம் இல்லாத இயற்கை

அந்த 1918-ம் வருஷத்துக் கட்டுரையில் இருப்பதுதான் ‘நோத்தர் தேற்றம்’. அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நமக்குத்தான் முக்கியமாக இருக்கிறது.

ஐன்ஸ்டைன் 1915-ல் வெளியிட்ட பொதுச் சார்புக் கொள்கையில் சக்தியின் கணக்கு எப்படி நேராகிறது என்பது ஹில்பெர்ட்டுக்கும் கிளைனுக்கும் சிக்கலாக இருந்தது. அந்தச் சிக்கலைப் பார்க்கப்போன எம்மி நோத்தர், அதைவிடப் பெரிய ஒன்றைக் கண்டு சொன்னார். அதைச் சாதாரண வார்த்தையில் சொன்னால் இதுதான்: எதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மாற்றினாலும் இயற்கையின் இயக்க விதி மாறாமலிருக்கிறதோ, அந்த மாறாமை ஒவ்வொன்றுக்கும் ஈடாக, கூடாமலும் குறையாமலும் இருக்கும் ஓர் அளவு உண்டு.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல் விழுகிற விதி நேற்று எப்படியோ அப்படியேதான் இன்றும். காலையில் எப்படியோ அப்படியேதான் மாலையிலும். விதி நேரத்துக்கு நேரம் மாறாததனால், சக்தி என்பது உண்டாவதுமில்லை, அழிவதுமில்லை, உருவந்தான் மாறுகிறது.

இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரு விதி, அந்த ஊரில் ஒரு விதி என்று இயற்கைக்கு இல்லை. அதனால்தான் உந்தம் என்ற அளவு மாறாமலிருக்கிறது. பரிசலிலிருந்து கரைக்குக் குதித்தால் பரிசல் பின்னுக்குப் போகிறதே, அது இந்தக் கணக்குத்தான்.

திசையை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கென்றும் மேற்கென்றும் இயற்கை விதி பட்சபாதம் பார்ப்பதில்லை. அதனால் சுழற்சியின் அளவு மாறாமலிருக்கிறது. கைகளை நீட்டிக்கொண்டு சுழலுகிற கூத்தாடி கைகளை மடக்கிக்கொண்டால் வேகம் கூடுகிறதே, அது இந்தக் கணக்கு.

தோழர்களே! இனி நம்முடைய பஞ்சாங்கத்தைத் திறந்து பாருங்கள். திங்கட்கிழமை ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணிவரை ராகுகாலம் என்கிறது. நேரத்துக்கு நேரம் விதி வேறு என்பது இதன் அர்த்தம். திங்கட்கிழமை கிழக்கே சூலம் என்கிறது. திசைக்குத் திசை விதி வேறு என்பது இதன் அர்த்தம். இன்ன ஊரில் செத்தால் மோட்சம் என்கிறது புராணம். இடத்துக்கு இடம் விதி வேறு என்பது அதன் அர்த்தம். காலம், இடம், திசை ஆகிய மூன்றிலும் இயற்கைக்கு ஓரவஞ்சனை உண்டு என்று புரோகிதன் சொல்லுகிறான். மூன்றிலும் ஓரவஞ்சனை இல்லை என்பதை ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் சக்தியின் கணக்கும், உந்தத்தின் கணக்கும், சுழற்சியின் கணக்கும் நேராவது காட்டுகிறது. எம்மி நோத்தர் ராகுகாலத்தை ஒழிப்பதற்காக இதைச் செய்யவில்லை. ராகுகாலம் என்று ஒன்று இருப்பதே அந்த அம்மைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும், விதியின் மாறாமைக்கும் இந்தக் கணக்குகளுக்கும் உள்ள உறவைக் காட்டியவர் அவரே.

இதற்கு வைதீகர் ஒரு சமாதானம் சொல்லக்கூடும். “கல்லுக்கும் பரிசலுக்கும் ராகுகாலம் இல்லாமல் இருக்கலாம், மனுஷனுக்கு உண்டு” என்பார். மனுஷன் எதனால் ஆனவன்? அவன் தின்கிற சோற்றிலிருந்து சக்தி வருகிறது. அவன் நடையிலும் மூச்சிலும் அது செலவாகிறது. அந்தக் கணக்கும் நேராகவே இருக்கிறது. ராகுகாலத்தில் சாப்பிட்ட சோறு ஜீரணமாகாமல் போனதுண்டா? ராகுகாலத்தில் புறப்பட்ட ரயில் அதற்காகத் தண்டவாளத்தைவிட்டு இறங்கியதுண்டா? ரயில்வே கால அட்டவணையில் ராகுகாலத்துக்கென்று ஒரு கோடாவது போட்டிருக்கிறார்களா? அதை நம்பி டிக்கெட் வாங்குகிற வைதீகரே பஞ்சாங்கத்தையும் மூட்டையில் வைத்துக்கொள்ளுகிறார் என்பதுதான் ஆச்சரியம்.

பெயர் சொல்லாகிவிட்டது

நிற்க. பௌதிகத்தில் ஒரு தேற்றத்தோடு அவர் பெயர் நின்றுவிடவில்லை. கணிதத்தில் ‘நோத்தர் வளையம்’ என்று ஓர் அமைப்பு உண்டு. எண்களைப்போல் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய பொருள்களின் கூட்டத்தை வளையம் என்று சொல்லுகிறார்கள். 12-ஆல் வகுபடுகிற எண்களையெல்லாம் ஒரு கூடையில் போடுங்கள். அந்தக் கூடை, 6-ஆல் வகுபடுகிற எண்களின் கூடைக்குள் அடங்கும். அது 3-ஆல் வகுபடுகிறவற்றின் கூடைக்குள் அடங்கும். அது முழு எண்கள் எல்லாவற்றின் கூடைக்குள் அடங்கும். அவ்வளவுதான், அதற்குமேல் பெரிய கூடை இல்லை. எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் இந்தப் படிக்கட்டு ஓரிடத்தில் நின்றே தீரும். இப்படி ஏறுகிற எந்தப் படிக்கட்டும் முடிவில்லாமல் போகாத வளையங்களை எடுத்துக்கொண்டு, அந்த ஒரே குணத்திலிருந்து எத்தனையோ முடிவுகள் வெளிவரும் என்பதை 1921-ல் எழுதிய கட்டுரையில் அவர் காட்டினார். தனித்தனிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த இயற்கணிதம் அதிலிருந்து புதுவழியில் திரும்பிற்று.

இப்போது ‘நோத்தரியன்’ என்ற சொல், நீளமான, சிவந்த, வட்டமான என்பதுபோல ஒரு குணச்சொல் ஆகிவிட்டது. ஐரோப்பிய பாஷைகளில் ஆட்களின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவது முறை. ஆனால் இந்தச் சொல்லைப் பலர் சின்ன எழுத்திலேயே எழுதுகிறார்கள். அதைக் குறைவென்று எண்ணவேண்டாம். மரியாதைக்காகச் சொல்லுகிற பெயர் மரியாதை தீர்ந்ததும் மறையும். வேலைக்காகச் சொல்லுகிற பெயர் வேலை இருக்கிறவரை இருக்கும்.

அவருடைய பெயர் தனித்து நிற்பதைப்போலவே மற்றவர்களோடு சேர்ந்தும் நிற்கிறது. ‘லஸ்கர்-நோத்தர் தேற்றம்’ என்பதில் உள்ள லஸ்கர், 1894 முதல் 1921 வரை சதுரங்க ஆட்டத்தில் உலக வெற்றிவீரராக இருந்தவர். அவர் 1905-ல் ஒருவகைக்கு நிரூபித்ததை எம்மி பொதுவாக்கினார். ‘ஸ்கோலம்-நோத்தர் தேற்றம்’ என்பதில் உள்ளவர் நார்வேக்காரர். ‘பிரௌவர்-ஹாஸ்ஸே-நோத்தர் தேற்றம்’ என்று ஒன்றும் உண்டு. ஒருவர் யூதர், ஒருவர் அல்லாதவர். ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் நார்வேக்காரர். ஒரு சிறு கோட்டால் இணைத்து ஒரே வரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பந்தியில் மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரிக்கிற வேலை அங்கே இல்லை.

பெயரை அடித்த சட்டம்

1932-ல் சூரிச் நகரத்தில் கூடிய உலகக் கணித மகாநாட்டில் பொதுக் கூட்டச் சொற்பொழிவு செய்த முதல் பெண் அவரே. அதே வருஷம் எமில் ஆர்ட்டின் என்பவரோடு சேர்த்து அவருக்கு ஒரு கணிதப் பரிசும் கிடைத்தது. அடுத்த வருஷமே ஹிட்லர் சர்க்கார் வந்தது. யூதர்களைச் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து நீக்கும் சட்டம் 1933 ஏப்ரலில் பிறந்தது. அந்த மாதமே நோத்தரின் பெயர் நீக்கப்பட்டவர்களின் ஜாபிதாவில் ஏறிற்று. பெண்ணென்று ஒருமுறை தள்ளினார்கள். யூதர் என்று மறுமுறை தள்ளினார்கள். பிறப்பைப் பார்த்து மனிதனை நிறுப்பவர்களின் தராசு எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். நம் நாட்டு வருணாசிரமத் தராசும் அந்தப் பட்டறையில் அடித்ததே.

அவர் என்ன செய்தார்? மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரச்சொல்லிப் பாடம் நடத்தினார். ஒரு மாணவர் நாஜிப் படை உடுப்போடு வந்து உட்கார்ந்ததாகவும், அவர் அதைப் பொருட்படுத்தாமல் பாடத்தைத் தொடர்ந்ததாகவும் சொல்லுகிறார்கள். பிறகு அமெரிக்காவில் பிரின் மார் என்ற பெண்கள் கலாசாலைக்குப் போனார். பக்கத்தில் பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சி நிலையத்திலும் சொற்பொழிவு செய்தார். அந்த ஊர்ச் சர்வகலாசாலையோ அப்போது ஆண்களுக்கு மாத்திரமே. 1969-ல்தான் கீழ்வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது. பிரின் மாருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகும் முன்பே, ரண சிகிச்சைக்குப் பின் தமது 53-வது வயதில் அவர் இறந்தார். பெண்கள் கல்வி தொடங்கிய நாள்முதல் தோன்றிய கணித மேதைகளில் தலைசிறந்தவர் என்று ஐன்ஸ்டைன் பத்திரிகைக்கு எழுதினார்.

அவருடைய தம்பி பிரிட்ஸ் நோத்தரும் கணித நிபுணரே. அவர் ஹிட்லருக்குத் தப்பி ரஷ்யாவுக்குப் போனார். அங்கே 1937-ல் பொய்க் குற்றம் சாட்டிப் பிடித்து, 1941-ல் சுட்டுக் கொன்றார்கள். 1988-ல் அவர்மேல் குற்றமில்லை என்று அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டே சொல்லிற்று. சிந்திக்கிறவனுக்கு விரோதி ஒரு கட்சியில் மாத்திரம் இருப்பதில்லை என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

செத்தவருக்குப் பெயர், இருப்பவருக்கு?

இன்று நிலைமை என்ன? பெண்கள் வந்தால் ஒழுங்கு தலைகீழாகிவிடும் என்று எந்த ஊரில் தீர்மானம் செய்தார்களோ, அந்த எர்லாங்கனில் நோத்தர் பெயரால் தெரு இருக்கிறது, எம்மி நோத்தர் பெயரால் பள்ளிக்கூடம் இருக்கிறது. அமெரிக்காவில் கணிதத்துறைப் பெண்கள் சங்கத்தார் 1980 முதல் நோத்தர் சொற்பொழிவு நடத்திவருகிறார்கள். 7001 என்ற எண்ணுள்ள சிறு கோள் ஒன்றுக்கும் அவர் பெயர். சந்திரனுடைய மறுபக்கத்தில், இங்கிருந்து நம் கண்ணுக்கே தெரியாத பக்கத்தில், ஒரு பெரும் பள்ளத்துக்கும் அவர் பெயர். சந்திரனை ராகு விழுங்குகிறது என்று நாம் தர்ப்பையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்களோ சந்திரனுக்கு அப்பாலும் போய் அறிவாளியின் பெயரை எழுதிவிட்டு வருகிறார்கள்!

ஆனால் இவையெல்லாவற்றையும்விட மேலானதென்று நாம் நினைப்பது வேறொன்று. ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகத்தார் ‘எம்மி நோத்தர் திட்டம்’ என்று ஒன்றை நடத்துகிறார்கள். இளம் ஆராய்ச்சியாளர்கள் யாருடைய நிழலிலும் நிற்காமல், தாங்களே ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி ஆராய்ச்சி செய்யப் பணம் கொடுப்பது அந்தத் திட்டம். எது அந்த அம்மைக்கு மறுக்கப்பட்டதோ அதையே அவர் பெயரால் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பெயர் வைப்பதென்றால் இப்படியல்லவா வைக்கவேண்டும்?

தெருவுக்குப் பெயர் வைப்பதைக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் உயிரோடிருக்கும்போது சம்பளம் கொடாதவன், செத்தபின் பலகை எழுதிமாட்டினால் கணக்கு நேராகிவிடாது. இன்றைக்கு எந்தப் பெண்ணின் பாடத்தை யார் பெயரில் விளம்பரம் செய்கிறோம், எவளுடைய வேலைக்கு எவன் கையெழுத்துப் போடுகிறான் என்று ஒவ்வொரு சர்வகலாசாலையும், ஒவ்வொரு ஆபீசும், ஒவ்வொரு குடும்பமும் பார்த்துக்கொள்ளவேண்டும். பார்க்காவிட்டால், நம் பேரப்பிள்ளைகள் தெருவுக்குப் பெயர் வைத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

தாய்மார்களே! பெயர் விளங்கப் பிள்ளை இல்லையே என்று எந்த வீட்டிலாவது அழுதால், அந்த வீட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதிருக்கச் சொல்லுங்கள். அவளுக்குக் கணக்கு வராது என்று எவனாவது சொன்னால், சக்தியின் கணக்கை நேராக்கிக் காட்டியவள் யார் என்று கேளுங்கள். பெயர் கல்லினால் நிற்பதில்லை, ஆண்பிள்ளையினால் நிற்பதில்லை, மற்றவர்களுக்குப் பயன்படுகிற வேலையினால் நிற்கிறது. அந்த வேலையைச் செய்ய எல்லோருக்கும் வாசல் திறந்திருக்கவேண்டும் என்று மாத்திரம் கேட்டுக்கொள்ளுகிறோம்.